உப்புப் பார்க்காத கை

இது நான் ஜெயித்த கதை. முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பிறகு யாரும் ஏமாந்துபோகக் கூடாது. எங்கள் கோயில் ஆட்களுக்குப் பக்தி என்று வந்துவிட்டால் தங்களைத் தாங்களே மட்டந்தட்டிப் பேசுவதில் ஒரு சுகம். நான் பாவி, நான் புழு, நான் தூசு என்று ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் இருக்கும்போது நானும் அப்படிப் பேசியவள்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அந்த அடக்கம் வராது. என் வலது கையோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, கடைசியில் அதை மண்ணைக் கவ்வ வைத்தேன்.

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்கு இந்தப் பக்கம், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு அப்பக் கடை இருந்தது. கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முன்னால் ஒரு பலகை, ஆட்கள் உட்கார இரண்டு நீள வாங்கு, ஒரு கதிரை. பின்னால் அடுப்பும் அம்மியும் நானும். கண்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் வந்து அப்பமும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். அப்பத்தை யாரும் சுடலாம். என் கடைக்கு ஆள் வந்தது சம்பலுக்காக. இதிலும் எனக்கு அடக்கம் கிடையாது.

ஆறு வற்றிக் குட்டை குட்டையாய்க் கிடந்த அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மலேரியாக் காய்ச்சல் வீடு வீடாக நுழைந்தது. என் வீட்டுக்காரர் அப்போது தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளைக் கண்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிற லொறியில் கிளீனர். மலை மாதிரி இருந்த மனுஷன் பாயோடு பாயாகிவிட்டார். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை; விறாந்தையில் கிடத்தினார்கள். குளிரில் அவர் பல் அடித்துக்கொண்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அந்த விறாந்தையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சேசுவின் திரு இருதயத்துக்கு நேர்ந்தேன். இவர் எழுந்து நடந்தால், ஒன்பது தலைவெள்ளிக்கு விடாமல் நன்மை வாங்குகிறேன் என்று.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையைத்தான் நாங்கள் தலைவெள்ளி என்போம். அன்று பூசை கண்டு நன்மை, அதாவது சாமியார் நாக்கில் வைக்கிற நற்கருணை, வாங்க வேண்டும். இப்படித் தொடர்ந்து ஒன்பது மாதம். நடுவில் ஒன்று தவறினால் திரும்ப ஒன்றிலிருந்து. கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்துச் சட்டம் இந்தக் காலம் மாதிரி இல்லை. நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூட வாயில் ஊற்றக் கூடாது. ஒரு பருக்கை உள்ளே போனாலும் ஒருசந்தி முறிந்தது, அன்றைக்கு நன்மை கிடையாது.

அவர் எழுந்து நடந்தார். லொறி வேலைக்குப் பலம் போதவில்லை; கடையில் என்னோடு கூடமாட நின்றார். சட்டியைச் சுழற்றி அப்பம் சுடப் பழகிக்கொண்டார். சம்பல் மட்டும் என் கை. நேர்ச்சையைத் தொடங்கினேன். முதல் வெள்ளி போனது, இரண்டாவது போனது. மூன்றாவது வெள்ளி, விடியுமுன் தேங்காய்ப் பூவில் அரைத்த மிளகாயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் சேர்த்துப் பிசைந்து, தேசிக்காய் பிழிந்து, வழக்கம்போல விரலில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் புளி விடலாம் என்று நினைத்தேன். அப்புறம்தான் தலையில் இடி விழுந்தது.

துப்பினேன். ஓடிப்போய் வாய் கொப்பளித்தேன். கொப்பளித்த தண்ணீரிலும் பாதி தொண்டைக்குள் போய்விட்டது. அவர் அகப்பையைப் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏ புள்ள, சம்பல்தான் போச்சுன்னா தண்ணியும் சேத்துக் குடிக்கிறியே!"

அகப்பையை அவர் கையிலிருந்து பிடுங்கி எறிந்தேன். அது பஸ் வரைக்கும் போனது.

சமைக்கிறவர்களுக்குத்தான் இந்த அவதி தெரியும். உப்புப் பார்ப்பது நாம் செய்கிற வேலை இல்லை. கை தானாகச் செய்கிற வேலை. நாம் எங்கேயோ நினைத்துக்கொண்டிருப்போம், கை பிசையும், விரல் வாய்க்குப் போகும், நாக்கு சொல்லும், கை திரும்பவும் உப்புச் சிரட்டைக்குப் போகும். இதில் நம்மை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. மற்றவர்கள் நன்மைக்கு ஒருசந்தியாய் இருக்க வயிற்றோடு போராடினால் போதும். எனக்கு வயிறு ஒரு நாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. கைதான் எதிரி.

அடுத்த மாதம் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை தலைவெள்ளிகளில் வாயைத் துணியால் கட்டிக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்களுக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர். குடும்பம் ஊரில், இவர் இங்கே தனியாக அறை எடுத்து இருந்தார். கடையில் இருந்த அந்த ஒற்றைக் கதிரை அவருக்கென்றே ஆகிவிட்டது. தினமும் என் சம்பலுக்குத் தீர்ப்புச் சொல்லாமல் பஸ் ஏற மாட்டார்.

"என்ன பிள்ளை, பல்லுக்குத்தோ?" என்றார் துணியைப் பார்த்து.

"இல்லீங்க, வாய்க்குப் பூட்டு" என்று துணிக்குள் முனகினேன்.

"அது நல்லது. உம்மட வாய்க்கு ஒண்டு காணாது."

ஊரே சிரித்தது. நான் அவருக்கு மறுபடி பதில் சொல்லாமல் இருந்ததற்கு ஒரே காரணம், வாயில் துணி இருந்ததுதான். அந்தத் துணி சில மாதம் நன்றாக வேலை செய்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தேங்காய்க்காரன் அழுகல் தேங்காயை நடுவில் வைத்து ஏமாற்றப் பார்த்தான். அவனை நாலு வார்த்தை கேட்கத் துணியைக் கீழே இழுத்தேன். நாலு வார்த்தை நாற்பது ஆயிற்று. சண்டை முடிந்து வந்து விட்ட இடத்தில் பிசையத் தொடங்கினேன். துணி கழுத்தில் கிடந்தது. கை தன் வேலையைப் பார்த்துவிட்டது.

மூன்றாவது தடவை, உப்பை என் வீட்டுக்காரர் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அவருக்குக் கோயில் பழக்கம் கிறிஸ்மஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும்தான்; காலையில் சம்பல் சாப்பிடுவதில் ஒரு தடையும் இல்லை. ஆனால் அந்த மனுஷன் காய்ச்சல் திரும்பித் திரும்பி வந்ததால் கொயினா விழுங்கிக்கொண்டிருந்தார். கொயினா விழுங்கிய வாய்க்கு உலகமே கசப்பு. "இன்னும் உப்புப் போடு, இன்னும் போடு" என்றே சொன்னார். நான் போட்டேன். அன்று கிளாக்கர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தூக்கி அப்படியே அண்ணாந்தார். "பிள்ளை, நான் கீரிமலையில கடல் தண்ணி குடிச்சிருக்கிறன். அது இதைவிடப் பறவாயில்லை" என்றார்.

அப்படியும் அந்தத் தடவை நான் வெகுதூரம் வந்துவிட்டேன். பாதி தாண்டியாயிற்று. ஒரு தலைவெள்ளி, மஹியாவை ஏற்றத்தில் பஸ் மூச்சு வாங்க ஏற, கண்டிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பீடத்துக்கு முன்னால் நன்மை வாங்குகிற கிராதித் தடுப்பில் முக்காடும் போட்டு முழங்காலில் இருந்தேன். சாமியார் வரிசையின் அந்த முனையிலிருந்து வந்துகொண்டிருந்தார். அப்போது என் விரலில் இருந்து சம்பல் வாசம் வந்தது. வந்ததும் ஒரு பயம். இன்றைக்கு உப்புப் பார்த்தேனா?

எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. தேங்காய் துருவியது ஞாபகம் இருந்தது. அப்புறம் பஸ் ஏறியது ஞாபகம் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. அந்த நேரம் முழுக்க நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சாமியார் எனக்கு இரண்டு ஆளுக்கு முன்னால் வந்தபோது எழுந்துவிட்டேன்.

கிராதியில் இருந்து நன்மை வாங்காமல் எழுந்து போகிற பெண்ணைக் கோயில் எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய பாவம் ஏதோ செய்துவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். பின் வாசல் வரைக்கும் அத்தனை முக்காடுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. என் முகம் மிளகாய் பூசிய மாதிரி எரிந்தது.

பூசை முடிந்து சாமியாரைப் பார்க்கப் போனேன். வயதான வெள்ளைக்காரச் சாமியார். செபப் புத்தகத்தில் படித்த தமிழைத்தான் பேசுவார். தாடியைத் தடவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"பிள்ளாய், ஒருசந்தி முறிந்ததென்று நிச்சயம் உண்டோ?"

"தெரியல சாமி."

"நிச்சயம் இல்லையாகில் நீ வாங்கியிருக்கலாம். சந்தேகம் ஒருசந்தியை முறிப்பதில்லை."

"எனக்குத் தெரியணும் சாமி."

அவர் சிரித்தார். "ஆண்டவர் வட்டிக்குக் கொடுக்கிறவர் அல்லவே. உன் புருஷன் சுகமானதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். வேண்டுமானால் இந்த நேர்ச்சையை நான் வேறொன்றாக மாற்றித் தருவேன். மாதம் ஒருநாள் ஏழைகளுக்கு அப்பம் கொடு. அல்லது வெள்ளிக்கிழமைகளில் கடையைச் சாத்திவிடு."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று ஏறியது. ஏழைகளுக்கு அப்பம் நேர்ச்சை இல்லாமலே போய்க்கொண்டுதான் இருந்தது. கடையைச் சாத்தினால் ஒன்பது வெள்ளியும் தடையில்லாமல் ஓடிவிடும், சரி. ஆனால் சண்டைக்காரன் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத் தெருவில் நின்று மார்தட்டுகிற மாதிரி இருக்கும் அது. ஆஸ்பத்திரி விறாந்தையில் நான் ஆண்டவரிடம் சொன்னது ஒரு வார்த்தை. அதை நானேதான் செய்ய வேண்டும், என் அடுப்படியில் நின்றபடி செய்ய வேண்டும், கிராதியில் முழங்காலில் இருக்கும்போது எனக்குச் சந்தேகம் என்பதே இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்டது. சாமியாரிடம் இதையெல்லாம் சொல்லத் தெரியவில்லை. "இல்ல சாமி, நான் திரும்ப ஆரம்பிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் ஆரம்பிக்கவில்லை. உண்மையில் எனக்கு வழி தெரியவில்லை. தலைவெள்ளிகள் வந்தன, போயின. கடையில் வழக்கம்போல உப்புப் பார்த்துச் சம்பல் பிசைந்தேன். கிளாக்கர் சந்தோஷமாகச் சாப்பிட்டார். எனக்குத்தான் சந்தோஷம் இல்லை.

வழி அடுத்த வீட்டிலிருந்து வந்தது. எங்கள் கடைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். அவர்கள் அக்காவை ராத்தா என்பார்கள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் ராத்தா என்றே கூப்பிட்டுக்கொள்வோம், யார் மூத்தவள் என்பதைக் கடைசிவரை முடிவு செய்யாமலே. நோன்பு மாதத்தில் ஒரு பின்னேரம் தேங்காய் துருவுகிற துருவலையை இரவல் வாங்க அவர்கள் அடுப்படிக்குப் போனேன். நோன்பு திறக்கிறதுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பெரிய பானை. வீட்டுக்கும் பள்ளிவாசலுக்குமாகச் சேர்த்துக் காய்ச்சுவாள். காலையிலிருந்து அவள் வாயில் எச்சில் தவிர ஒன்றும் இல்லை. நான் பார்க்க, கையில் உப்பை அள்ளினாள், ஒரு கணம் பார்த்தாள், போட்டாள், கிண்டினாள், மூடினாள். கை வாய்ப்பக்கம் எழும்பவே இல்லை.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். "ராத்தா, உப்புப் பாக்கலையா?"

"நோம்பும் வெச்சிட்டு எப்புடிப் பாக்குற?"

"அப்ப சரியா இருக்கும்னு எப்படித் தெரியும்? கை தன்னால வாய்க்கு வராதா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். நான் வாங்கிய துருவலையைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, துணி கட்டியது முதல் கிராதியில் இருந்து எழுந்தது வரை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். பிறகு சொன்னாள்.

"நீங்க அந்த ஒரு நாளைக்கு மட்டுந்தானே கையப் புடிச்சு வெக்கிறீங்க? மத்த நாளெல்லாம் அவுத்து உட்டுட்டு ஒரு நாள் கட்டினா அது கேக்குமா? நான் நோம்புக்கு முந்தின மாசமே உப்புப் பாக்குறத உட்டுருவேன். கலியாணம் முடிச்சு வந்த வருஷம் எங்கட மாமி செல்லித் தந்தாங்க. அந்த ஒரு மாசம் ஊட்டுல எல்லாரும் ஏசுவாங்க. ஏசட்டுமே."

இவ்வளவுதான் அவள் சொன்னது. வீட்டுக்கு வந்து துருவலையைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். என்ன மடத்தனம்! மாதம் முழுக்க அந்தக் கைக்கு நானே சோறு போட்டு வளர்த்துவிட்டு, தலைவெள்ளிக்குத் தலைவெள்ளி அதோடு சண்டைக்கு நின்றிருக்கிறேன். மறுநாளிலிருந்து ஒரு நாளும் உப்புப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஞாயிறானாலும் திங்களானாலும், நன்மை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இந்தத் தடவை வாயில் துணி இல்லை.

அந்த முதல் சில வாரங்களைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு நாள் சம்பல் சப்பென்று இருக்கும், மறுநாள் கரிக்கும். கிளாக்கருக்குக் கொண்டாட்டம். "இண்டைக்கு உப்புக் காணாது", "இண்டைக்கு உப்பு தொண்டையைப் பிடிக்குது", "இண்டைக்கு என்ன, நேற்று மிஞ்சின உப்பையும் சேர்த்துப் போட்டனீரோ?" இரண்டு பேர் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடைக்கே போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் கெஞ்சினார்.

"வெள்ளிக்கிழமைதானே உன் ஆண்டவருக்கு? செவ்வாக்கிழமை எதுக்குப் புள்ள இந்த வம்பு?"

"செவ்வாக்கிழமை செய்யலன்னா வெள்ளிக்கிழமை வராதுங்க" என்றேன். எனக்கே அப்போதுதான் அது விளங்கியது.

கை சும்மா விடவில்லை. பிசைந்து முடித்ததும் விரல் தானாக எழும்பும். மோவாய் வரைக்கும் வந்துவிடும். சில நாள் உதட்டில் பட்டும் விட்டது. அப்படிப் பட்ட நாளில் கையைத் திட்டுவேன், வாய்விட்டே திட்டுவேன். "போடி மூதேவி, கீழே போ" என்று நான் தனியாகக் கத்துவதைக் கேட்டு, வாங்கில் இருந்த புதுப் பயணி ஒருவர் அப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஆனால் நாளாக நாளாக அது எழும்புகிற உயரம் குறைந்தது. மோவாயில் நின்றது நெஞ்சில் நின்றது. நெஞ்சில் நின்றது, சம்பல் பிசைகிற கலவாயை விட்டு எழும்பாமலே இருந்தது.

நாக்கு போனதும் மற்றதெல்லாம் விழித்துக்கொண்டன. கல்லுப்பும் மிளகாயும் அம்மியில் அரையும்போது முதலில் கரகரவென்று கேட்கும், உப்பு அளவாக இருந்தால் அந்தச் சத்தம் ஒரு பதத்தில் அடங்கும். உப்புப் பிடித்த தேங்காய்ப் பூ லேசாக மினுங்கும், விரலில் ஒட்டும். உப்புக் குறைந்தது உதிரும். தேசிக்காய் போதுமா என்று மூக்குச் சொல்லிவிடும். இத்தனை வருஷம் இதெல்லாம் என் முன்னாலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது, நான்தான் அங்கே இல்லை. ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் அன்றைய சம்பல் போயிற்று. ஆகவே கவனித்தேன். அடுப்படியில் இருக்கும்போது அடுப்படியிலேயே இருக்கப் பழகினேன்.

ஒரு பழக்கத்தைத் தட்டி எழுப்பினால் மற்றவையும் தூக்கம் கலைந்து எழும்பும் போலிருக்கிறது. சின்ன வயதிலிருந்து நான் செபமாலை சொல்லாத நாள் இல்லை. ஆனால் அதுவும் உப்புப் பார்க்கிற கை மாதிரியேதான் ஓடிக்கொண்டிருந்தது. முதல் மணியில் ஆரம்பித்தது தெரியும், கடைசியில் சிலுவையை முத்தி செய்தது தெரியும். நடுவில் விறகும் தேங்காயும் கிளாக்கரும். ஒரு நாள் இதை நான் கண்டுபிடித்து வெட்கப்பட்டுப்போனேன். அதிலும் அதே வேலையைத் தொடங்கினேன். மனசு போனால் கூப்பிட்டுக் கொண்டுவந்து விட்ட மணியிலிருந்து சொல்வது. முதலில் ஒரு பத்து மணி சொல்லவே அரை மணி நேரம் பிடித்தது. கோபமும் இருந்தது, அது என் கூடப் பிறந்தது. ஆனால் வார்த்தை நாக்குக்கு வருகிறபோதே வருகிறது என்று தெரிய ஆரம்பித்தது. தெரிந்தால் பாதி நாளாவது நிறுத்தலாம். மீதிப் பாதி நாள் நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளாக்கர் ஒரு நாள் தீர்ப்பு ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினார். மறுநாளும். அந்த வாரம் முழுக்க. அடுத்த வாரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனவர்களில் ஒருவர் ஒன்றும் நடவாத மாதிரி வந்து வாங்கில் உட்கார்ந்தார். இருந்தும் நான் அவசரப்படவில்லை. மழை போய் வெயில் வந்து, வெயில் போய் மழை வந்து, திரும்பவும் நோன்பு மாதம் வந்தபோதுதான் முதல் தலைவெள்ளியைத் தொடங்கினேன். அன்று விடியற்காலை ராத்தாவும் நானும் பின்பக்க வேலிக்கு இரு பக்கமும் காய்ந்த வாயோடு நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

மாதங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அதிசயம். மழையில் நனைந்துகொண்டு போனேன், காய்ச்சலோடு ஒரு தடவை போனேன், பஸ் இல்லாமல் நடந்தும் போனேன். கை தன்பாட்டில் இருந்தது. அப்படியே எட்டும் முடிந்தது. ஒன்பதாவது, கண்டியில் யானைகளோடு ஊர்வலம் போகிற பெரஹராக் காலத்தில் வந்து விழுந்தது.

அந்த நாட்களில் கட்டுகஸ்தோட்டை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாலா பக்கத்து ஊர்களிலிருந்தும் சனம். கடை வாசல்களிலெல்லாம் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். ஆற்றில் யானை குளிப்பாட்டுவதைப் பார்க்கப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வெளுக்குமுன்பே என் கடைக்கு முன்னால் கூட்டம். ஒரு கலவாய் சம்பல் கண் மூடித் திறக்குமுன் காலி. இன்னொன்று பிசைந்தேன். அதுவும் காலி. அவர் அப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டே, "சீக்கிரம் புள்ள, சீக்கிரம்!" என்று கத்தினார். மூன்றாவது கலவாய்க்குக் கடன் வாங்கிய தேங்காய், வேறு மரத்துத் தேங்காய். துருவும்போதே தெரிந்தது, கொழுப்புக் கூடினது, உப்பை இழுக்கும். பழைய நானாக இருந்தால் இந்த இடத்தில்தான் விரல் வாய்க்குப் போயிருக்கும். பூவை விரலில் உருட்டிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இன்னும் நாலு கல் உப்பை எடுத்து அரைத்துச் சேர்த்தேன். கூட்டத்தில் ஒருவன் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லி அவசரப்படுத்தினான். பதில் நாக்கில் வந்து நின்றது. நல்ல பதில். விழுங்கிவிட்டேன், அது ஒருசந்தியை முறிக்காது.

கையைக் கழுவி, முக்காட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கிராதியில் முழங்காலில் இருந்தபோது அந்தப் பழைய பயம் வரும் என்று காத்திருந்தேன். விரலில் அதே வாசம் இருந்தது. சரி வா, பார்த்துவிடுவோம் என்று நானே அந்தக் காலையைத் திரும்ப ஆரம்பத்திலிருந்து எடுத்தேன். அடுப்பு பற்றவைத்தது இருந்தது. முதல் தேங்காய் உடைந்தபோது தண்ணீர் கையில் தெறித்தது இருந்தது. மிளகாய் அரைத்தது, சத்தம் அடங்கியது, மாசி இடித்தது, தேசிக்காய் விதை ஒன்று விழுந்து அதைப் பொறுக்கி எறிந்தது, மூன்று கலவாயும், அந்த நாலு கல் உப்பும், நான் விழுங்கிய அந்தப் பதிலும் எல்லாம் ஒன்றுவிடாமல் இருந்தன. ஒரு இடத்திலும் ஓட்டை இல்லை. அந்தக் காலை முழுக்க நான் அங்கேயே இருந்திருக்கிறேன். சந்தேகத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சாமியார் என் முன்னால் வந்து நின்றார். வாயைத் திறந்தேன். அன்று அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. துக்கத்தில் அல்ல. சண்டையில் ஜெயித்தவனுக்குக் கண் கலங்குமே, அப்படி.

வாசலில் சாமியார் என்னைப் பார்த்துத் தாடியைத் தடவினார். "ஒன்பதோ?"

"ஒன்பது சாமி."

"சந்தேகம் உண்டோ?"

"ஒரு பொட்டு இல்ல சாமி."

அந்த வயதான மனுஷன் சத்தமாகச் சிரித்தார். கோயில் வாசலில் அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது மஹியாவைச் சரிவில் பஸ் இறங்கிய வேகத்தில் எனக்கும் பறக்கிற மாதிரி இருந்தது. கடைக்கு வந்தேன். கூட்டம் கலைந்துவிட்டது. கலவாயின் அடியில் ஒரு பிடி சம்பல்தான் மிச்சம். பெரஹராவுக்காகக் கச்சேரிக்குப் பிந்திப் போகலாமாம், கிளாக்கர் தன் கதிரையிலேயே இருந்தார். அவர் சாப்பிட்ட கோப்பை துடைத்த மாதிரி இருந்தது. என்னைக் கண்டதும் விரலை நீட்டினார்.

"பிள்ளை, நில்லும். மற்ற நாள் எல்லாம் நீர் உப்புப் பார்க்கிறேல்லை எண்டு உம்மட புருசன் சொல்லித் திரியிறார். நானும் நம்பினன். ஆனா இண்டைக்கு நீர் வாயில வைச்சுப் பார்த்துத்தான் போட்டிருக்கிறீர். என்னை ஏமாத்தேலாது. நாக்கில வைச்சுப் பார்க்காமல் இப்பிடி ஒரு சம்பல் வராது!"

என் வீட்டுக்காரர் அகப்பையோடு எழும்பிவிட்டார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயா, இவ இன்னைக்கு..." என்று தொடங்கினார். நான் கையை நீட்டி நிறுத்தினேன். அந்தக் கைதான். வலது கை.

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. முன்னைய நானாக இருந்திருந்தால் அந்த மனுஷனுக்குக் கச்சேரி வரைக்கும் காது வலித்திருக்கும். வார்த்தை வந்தது, வருகிறது என்று தெரிந்தது, அங்கேயே நின்றது. உள்ளுக்குள் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. இதைவிடப் பெரிய மெடல் எந்தச் சபையில் எனக்குக் குத்திவிடப் போகிறார்கள்?

"இன்னொண்ணு வைக்கட்டுங்களா?" என்றேன்.

"ஓம், வையும்" என்றார்.

அவருக்கு ஒரு அப்பம் வைத்தேன். இன்னொன்றை நான் எடுத்துக்கொண்டு, வாங்கில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கலவாயை வழித்து ஒரு வாய் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது.